பாரிஸ் கார்னியே ஓபரா மாளிகைக்கு அடியில் ஏரி இருக்கிறதா? மாடிப்படிக்கு ஏன் அவ்வளவு இடம்?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். பாரிஸில் இருக்கும் கார்னியே ஓபரா மாளிகைக்கு அடியில் நிஜமாகவே ஏரி இருக்கிறதா என்பது ஒன்று. பாட்டும் நடனமும் பார்க்கப் போகிற இடத்தில் மாடிப்படிக்கும் கூடங்களுக்கும் எதற்கு அத்தனை இடம், அத்தனை செலவு, அது வெறும் பகட்டுதானே என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஏரி கிடையாது, பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது ஏன் வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதாது. அந்த மாளிகையைத் தங்கமும் பளிங்கும் சிலைகளுமாக மட்டும் பார்த்தால் பத்து நிமிஷத்தில் கண் சலித்துவிடும். அதன் பிளானைப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் வண்டியிலிருந்து இறங்குவதிலிருந்து இருக்கையில் போய் உட்காருவது வரை எந்த வழியாக நடப்பார், எங்கே நிற்பார், யாரைப் பார்ப்பார், யார் கண்ணில் படுவார் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் போட்ட பிளான் அது. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பெல்லாம் அதனால்தான்.

கொஞ்சம் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பிளானில் இருக்கும் பல விஷயங்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பதினான்காம் லூயி 1669-இல் கொடுத்த உரிமத்தில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைக்குப் பாரிஸ் தேசிய ஓபரா. முதல் இருநூறு வருஷம் அதற்கு நிலையான இடமே அமையவில்லை. இரண்டு அரங்குகள் 1763-லும் 1781-லும் தீக்கிரையாயின. ரிஷல்யோ தெருவில் இருந்த அரங்கின் வாசலில் 1820 பிப்ரவரி 13 இரவு, அரச குடும்பத்தைச் சேர்ந்த பெர்ரி கோமகனை ஒருவன் கத்தியால் குத்தினான். கோமகன் மறுநாள் காலை இறந்துபோனார். அந்த அரங்கையே இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக லெ பெல்த்தியே தெருவில் 1821-இல் அவசரமாக ஒன்றைக் கட்டினார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியது, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. கார்னியே மாளிகை இந்த நிறுவனம் குடியேறிய பதின்மூன்றாவது அரங்கு.

லெ பெல்த்தியே தெரு குறுகலானது. 1858 ஜனவரி 14 அன்று அப்போதைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் பேரரசி யூஜெனியும் அங்கே ஓபரா பார்க்க வந்தபோது, இத்தாலியப் புரட்சியாளர் ஒர்சினியும் கூட்டாளிகளும் அவர்கள் வண்டியின் மேல் குண்டுகளை வீசினார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். பேரரசரும் பேரரசியும் பிழைத்தார்கள். அன்றிரவு உள்ளே போய் உட்காரவும் செய்தார்கள். ஆனால் அதன் பிறகு புது அரங்கு வேண்டும் என்ற பேச்சு வேகமெடுத்தது. அகலமான தெருக்கள் சூழ்ந்த தனி இடத்தில் அது இருக்க வேண்டும், பேரரசரின் வண்டி நேராகக் கட்டடத்துக்குள்ளேயே வந்து நிற்கும்படி தனி வாசல் இருக்க வேண்டும். இந்தத் தேவையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிளானில் இது பெரிய இடம் பிடிக்கிறது.

1860 டிசம்பர் கடைசியில் பொதுப் போட்டி அறிவித்தார்கள். ஒரு மாத அவகாசம்தான். சுமார் 170 வடிவமைப்புகள் வந்தன. போட்டியிட்டவர்களில் வியோலே-லெ-துக்கும் ஒருவர்: நோத்ர தாம் தேவாலயத்தைப் புதுப்பித்த பெரிய கை, பேரரசியின் ஆதரவும் அவருக்குத்தான். ஜெயித்தவரோ அவரிடமே ஒரு காலத்தில் கூலிக்குப் படம் வரைந்து கொடுத்த ஷார்ல் கார்னியே. முதல் சுற்றில் கார்னியேவுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். தேர்வானவர்களை மட்டும் வைத்து இரண்டாவது சுற்று நடத்தினார்கள். 1861 மே மாதக் கடைசியில் நடுவர்கள் ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 35. பெரிய கட்டடம் எதுவும் அதுவரை அவர் கட்டியிருக்கவில்லை.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1825-இல் மூஃப்தார் தெருவில், கொல்லுப்பட்டறையும் வண்டி வேலையும் செய்த குடும்பத்தில் பிறந்தவர். படிப்பில் கெட்டி, 1848-இல் ரோம் பரிசு (ரோமில் தங்கிப் படிக்க இளம் கலைஞர்களுக்கு பிரெஞ்சு அரசு கொடுத்த பரிசு) வாங்கி இத்தாலிக்குப் போனார். அங்கிருந்து கிரேக்கம் போய் ஏஜினா தீவுக் கோவிலை அளந்து வரைந்தார். பழைய கிரேக்கக் கோவில்கள் வெறும் வெள்ளைப் பளிங்காக இருக்கவில்லை, மேலே அடர்ந்த வண்ணம் பூசியிருந்தார்கள் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதியானது. கவிஞர் தியோஃபில் கோத்தியேவுடன் கான்ஸ்டான்டிநோபிளும் பார்த்துவிட்டு வந்தார். சாம்பல் நிறக் கற்கட்டடங்கள் நிறைந்த பாரிஸில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமான கல்லை அவ்வளவு தைரியமாக அவர் வைத்ததற்கு அந்தப் பயணங்கள்தான் காரணம்.

அவருடைய படத்தைப் பார்த்த யூஜெனி, “இது என்ன பாணி? கிரேக்கமும் இல்லை, பதினைந்தாம் லூயியும் இல்லை, பதினாறாம் லூயியும் இல்லை” என்று கோபமாகக் கேட்டதாகவும், “இது மூன்றாம் நெப்போலியன் பாணி, அம்மா” என்று கார்னியே பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அந்தப் பெயரே பிறகு நிலைத்துவிட்டது.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

ஓபரா மேடைக்கு மேலேயும் ஆழம் வேண்டும், கீழேயும் ஆழம் வேண்டும். பின்னணித் திரைகளைச் சுருட்டாமல் மடிக்காமல் முழுசாக மேலே தூக்க வேண்டும். அரண்மனையோ கப்பலோ மேடைக்குக் கீழிருந்து எழும்பி வர வேண்டும். அதற்காக மேடைக்கு அடியில் மட்டும் பல தளங்கள், ஏறக்குறைய 15 மீட்டர் பள்ளம். 1861-இல் தோண்ட ஆரம்பித்தவுடனேயே நிலத்தடி நீர் பொங்கிவிட்டது. நீராவி பம்புகளை வைத்து மாதக்கணக்கில் இரவு பகலாக இறைத்தார்கள். இறைப்பதை நிறுத்தினால் நீர் பழைய மட்டத்துக்கே ஏறிவிடும் என்பது கார்னியேவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நீரைத் துரத்துவதை விட்டுவிட்டு அதோடு ஒத்துப்போகிற அஸ்திவாரத்தை யோசித்தார்.

காலிக் குடத்தைக் கிணற்று நீருக்குள் அமுக்கினால் அது மேலே முட்டிக்கொண்டு வரும், நீரை நிரப்பினால் அடங்கிவிடும் அல்லவா? அதே கணக்குதான். பள்ளத்தைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பி, கான்கிரீட்டும் நீர் புகாத பூச்சும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் வளைவுக் கூரை போட்ட பெரிய தொட்டியைக் கட்டி அதில் நீரை நிரப்பிவிட்டார். வெளியிலிருந்து அழுத்தும் நீருக்கு உள்ளே இருக்கும் நீர் ஈடுகொடுக்கிறது. தீப்பிடித்தால் அணைப்பதற்கும் அது கைவசம் இருக்கும். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அந்தத் தொட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பாரிஸ் தீயணைப்புப் படையின் முக்குளிப்பாளர்கள் இருட்டில் நீந்திப் பழகுவதற்கு அங்கே இறங்குகிறார்கள்.

ஊருக்கு அடியில் ஒரு பழைய ஓடை ஓடுகிறது, அதுதான் இங்கே தேங்கி நிற்கிறது என்றெல்லாம் பேச்சுக் கிளம்பியது. காஸ்தோன் லெரூ 1910-இல் புத்தகமாக வெளியிட்ட ‘ஓபராவின் பேய்’ நாவல் அந்தத் தொட்டியை ஏரியாக்கி, அதில் படகும் விட்டு, கரையில் முகமூடி மனிதன் ஒருவனைக் குடிவைத்தது. அதே நாவலில் சரவிளக்கு அறுந்து விழும் காட்சிக்கும் ஒரு நிஜச் சம்பவம் பின்னால் இருக்கிறது: 1896 மே 20 அன்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே சரவிளக்கின் எதிரெடைகளில் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். விளக்கு விழவில்லை. சுமார் ஏழு டன் எடையுள்ள அந்த வெண்கல, படிக விளக்கு இன்றும் அதே இடத்தில்தான் தொங்குகிறது.

1862 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். 1867 உலகக் கண்காட்சிக்கு உலகமே பாரிஸுக்கு வந்திருந்தபோது முகப்பை மட்டும் திறந்து காட்டினார்கள். முகப்பில் ஏழு இசையமைப்பாளர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக இருக்கும். அவர்களில் ரோசினியும் ஓபேரும் அப்போது உயிரோடு இருந்தவர்கள். தெருவில் நடந்து போகும்போது அண்ணாந்து தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்திருக்கலாம். 1869-இல் கார்ப்போ செய்த ‘நடனம்’ சிற்பத் தொகுதியைத் திறந்தபோது, அதில் இருந்த ஆடையில்லாப் பெண்கள் ஒழுக்கக் கேடு என்று சொல்லி யாரோ ஒருவர் இரவில் மைக்குப்பியை அதன் மேல் வீசினார். அசல் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளிகையில் நீங்கள் பார்ப்பது பால் பெல்மோந்தோ செய்த நகல். உயிர்த்துடிப்பில் அந்த முகப்பில் அதற்கு ஈடாக வேறு சிற்பம் கிடையாது என்பது என் கருத்து.

அப்புறம் 1870 வந்தது. பிரஷ்யாவுடனான போரில் மூன்றாம் நெப்போலியன் தோற்றுப் பதவி இழந்தார். பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்ட காலத்தில் பாதி கட்டிய ஓபரா மாளிகை உணவுக் கிடங்கானது. புதிய குடியரசுக்கு அதன் மேல் பெரிய பிரியம் இல்லை. கவிழ்ந்த பேரரசரின் ஆடம்பரத்துக்கு யார் பணம் போடுவார்கள்? 1873 ஜனவரியில் பேரரசர் இங்கிலாந்தில் நாடு கடந்த நிலையில் இறந்துபோனார். மாளிகை அரைகுறையாகவே நின்றிருக்கும். ஆனால் அதே வருஷம் அக்டோபர் கடைசியில் லெ பெல்த்தியே தெரு அரங்கு எரிந்து சாம்பலானது. வேறு வழியில்லாமல் அரசு கார்னியேவைக் கூப்பிட்டு, சீக்கிரம் முடி என்றது. மோன்தே கார்லோ சூதாட்ட விடுதியை நடத்திய ஃபிரான்சுவா பிளாங்க் கடன் கொடுத்தார். கார்னியே பிறகு மோன்தே கார்லோவில் கச்சேரி அரங்கு கட்டிக் கொடுத்தார்.

1875 ஜனவரி 5 அன்று திறப்பு விழா. குடியரசுத் தலைவர் மக்மஹோன், லண்டன் மேயர், ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பதினான்கு வருஷம் அதற்காக உழைத்த கார்னியேவுக்கோ அழைப்பு இல்லை. காசு கொடுத்து இடம் வாங்கி, இரண்டாம் மாடி பாக்ஸில் (சில இருக்கைகள் மட்டும் உள்ள தனித் தடுப்பில்) உட்கார்ந்து பார்த்தார். நிகழ்ச்சி முடிந்து அவர் பெரிய மாடிப்படியில் இறங்கி வந்தபோது கூட்டம் அவரை அடையாளம் கண்டு கைதட்டிக் கொண்டாடியது.

இப்போது அந்த மாடிப்படிக்கு வருகிறேன்.

1860-களில் பாரிஸில் ஓபராவுக்குப் போவது என்றால் பாட்டுக் கேட்பது பாதிதான். வருஷச் சந்தா கட்டி பாக்ஸ் வைத்திருக்கும் குடும்பங்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வந்தே தீர வேண்டும். யார் யாரோடு வந்தார், என்ன உடுத்தினார், யாருடைய பாக்ஸுக்குப் போய்ப் பேசினார் என்பதெல்லாம் மறுநாள் ஊர்ப் பேச்சு. சம்பந்தம் முடிவதும் வியாபாரம் படிவதும் அங்கேதான். கார்னியே இதைக் குறை சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வருகிறவர்களும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, அவர்களுக்கும் மேடை அமைத்துக் கொடுத்தார். அந்த மேடைதான் மாடிப்படி.

பிளானில் மூன்று வாசல்கள். நடந்து வருகிறவர்களுக்குத் தெற்கே முகப்பு வாசல். சொந்த வண்டியில் வரும் சந்தாதாரர்களுக்குக் கிழக்குப் பக்கம் தனி மண்டபம். வண்டி அதற்குள்ளேயே வந்து நிற்கும், மழைத்துளி படாமல் இறங்கலாம். மேற்குப் பக்கம் பேரரசருக்கு: வண்டி ஏறி வர வளைந்த இரட்டைச் சாய்தளம், மேலே அவருடைய அறைகள். ஒர்சினியின் குண்டு கல்லாக உருமாறி நிற்கிறது என்றே சொல்லலாம். பேரரசர் வரவேயில்லை. அந்தப் பக்கத்து வேலையும் நின்றுபோனது. இன்றும் மேற்கு மண்டபத்தின் அருகே போய்ச் சுவரைக் கவனியுங்கள்: சில கற்கள் செதுக்கி முடிக்கப்படாமல், கொத்தனார் விட்டுப்போன கரடுமுரடோடு அப்படியே இருக்கின்றன. உள்ளே இப்போது ஓபராவின் நூலகமும் அருங்காட்சியகமும் நடக்கின்றன.

சந்தாதாரர் வண்டியிலிருந்து இறங்கினால் அரங்கின் நேர் அடியில் இருக்கும் தாழ்ந்த கூரையுள்ள வட்ட அறைக்கு வருவார். சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். மேலங்கியைக் கழற்றி, தலையைச் சரிசெய்து, ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். (அந்தக் கூரையின் நடுவில் இருக்கும் கொடிப் பின்னலைப் பொறுமையாகப் பார்த்தால் எழுத்துகள் தெரியும். கார்னியேவின் முழுப் பெயரும் 1861-இலிருந்து 1875 வரையிலான காலமும் அதில் ஒளிந்திருக்கின்றன.) அங்கிருந்து சில அடி நடந்தால், அரையிருட்டில் ஒரு பித்துப்பிடித்த குறிசொல்லியின் வெண்கலச் சிலை. ‘மார்செல்லோ’ என்ற ஆண் பெயரில் சிற்பம் செய்த கோமகள் ஒருவரின் வேலை. அதைத் தாண்டி அண்ணாந்தால், தலைக்கு மேல் 30 மீட்டர் உயரத்துக்குத் திறந்துகொள்கிறது பெரிய படிக்கட்டுக் கூடம். தாழ்வான, மங்கலான இடத்திலிருந்து சட்டென்று உயரமான, வெளிச்சமான இடத்துக்கு வரும் அந்த மாற்றத்தைக் கார்னியே அளந்து வைத்திருக்கிறார். முகப்பு வழியாக வருகிறவரும் அதே கூடத்தில்தான் வந்து சேர்வார். வாசல்கள் வேறு வேறு, சங்கமம் ஒன்று.

படிகள் வெள்ளைப் பளிங்கு, கைப்பிடிச் சுவர் பச்சையும் சிவப்பும். முதலில் ஒரே அகலமாக ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போகும். படிகள் நேர்கோட்டில் இல்லை, லேசாக வளைந்திருக்கும். ஏறுகிறவரின் நடையும் அதற்கேற்ப மெதுவாகும், நீண்ட பாவாடை விரிந்து விழும். நான்கு புறமும் ஒவ்வொரு மாடியிலும் தூண்களுக்கு இடையே முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பால்கனிகள். அங்கே நின்று ஏறி வருகிறவர்களைப் பார்க்கலாம். ஏறுகிறவர்களும் மேலே நிற்பவர்களைப் பார்க்கலாம். கூடத்துக்குப் போனால் யாரும் வெறும் பார்வையாளராக மட்டும் நிற்க முடியாது. பிரெஞ்சு அரங்குகளில் இப்படி ஒரு படிக்கட்டை முதலில் கட்டிக் காட்டியது போர்தோ நகரத்தின் பெரிய அரங்கு. விக்தோர் லூயி கட்டி 1780-இல் திறந்தது. கார்னியே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஆனால் அங்கே நுழைவுப் பகுதியாக இருந்ததை இங்கே கட்டடத்தின் இருதயமாக ஆக்கிவிட்டார்.

இடைவேளையில் நடப்பதற்குத்தான் முகப்பை ஒட்டிய பெரிய கூடம். 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம். கூரை முழுக்க பால் போத்ரி வரைந்த ஓவியங்கள், சுவரெல்லாம் நிலைக்கண்ணாடிகளும் தங்கமும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தக் கூடம் கொஞ்சம் மூச்சு முட்டும். இதற்கு முன்னால் இருக்கும் சின்ன முன்கூடம்தான் பிடிக்கும். வெனிஸ் பாணி மொசைக் பதித்த கூரை, அளவான வெளிச்சம்.

இவ்வளவும் தாண்டி அரங்குக்குள் போனால் அது எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். குதிரைலாட வடிவம், சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, சுமார் 1,980 இருக்கைகள். லாடத்தின் இரு பக்க பாக்ஸ்களிலிருந்து மேடை பாதிதான் தெரியும். எதிர்ப் பக்கத்து பாக்ஸ் முழுசாகத் தெரியும். மேலே சொன்ன சமூகத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. இன்று டிக்கெட் வாங்குகிறவருக்கு அது பெரிய குறை, அதை மறைக்க முடியாது. ஒலியமைப்பு விஷயத்தில் கார்னியே நேர்மையாகப் பேசினார்: எல்லா நூல்களையும் படித்தேன், எல்லா அரங்குகளையும் பார்த்தேன், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன, அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இறங்கினேன் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அதிர்ஷ்டம் கைகொடுத்தது.

மேடை பார்வையாளரை நோக்கி ஐந்து சதவீதம் சரிந்திருக்கும். சமதளத்தில் பழகிய நடனக்காரர்களுக்கு அதில் சுழலும்போது நிலைகொள்ளப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். மேடைக்குப் பின்னால் நடனக் கூடம். வெளியே சொல்லப்படும் பெருமைகளில் அதிகம் வராத ஒரு பக்கம் இது: பணக்காரச் சந்தாதார ஆண்கள் அங்கே தாராளமாக வந்து போகலாம் என்று வைத்திருந்தார்கள். வறிய குடும்பங்களிலிருந்து வந்த இளம் நடனப் பெண்கள் மேடையேறும் முன் உடம்பைத் தளர்த்திக்கொள்ளும் இடத்தில், கறுப்புக் கோட்டு போட்ட ஆண்கள் நின்று பேரம் பேசினார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அந்தக் கூடத்தின் தங்க வேலைப்பாட்டைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நடனம் என்று வந்ததால் நம் ஊர்த் தொடர்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1838-இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் குழு ஒன்று பாரிஸ் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி எழுதியவர்களில் முக்கியமானவர் கோத்தியே, கார்னியேவோடு கான்ஸ்டான்டிநோபிள் போனாரே, அவரேதான். இருபது வருஷம் கழித்து, 1858-இல், சகுந்தலை கதையை பாலே ஆக்கப் பாரிஸ் ஓபராவுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஐரோப்பிய மேடையின் கோவில் நடனப் பெண் கதாபாத்திரம் அந்தக் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. அந்த வரிசையில் பெரிதான ‘லா பயதேர்’ பாலேயை முழுசாக நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியேவ் 1992 அக்டோபரில் கார்னியே மேடையில் ஏற்றினார். கடும் நோயில் இருந்தவர், மூன்று மாதத்தில் இறந்துவிட்டார். அந்தப் பாலேயில் வரும் இந்தியா கற்பனை இந்தியாதான். ஆனாலும் அதன் வேர்களில் ஒன்று திருவந்திபுரத்துப் பெண்கள் கால் பதித்த இடத்தில் இருக்கிறது.

கட்டுமானத்தைப் பற்றி ஒன்று. அவ்வளவு பளிங்குக்கும் பின்னால் இருப்பது இரும்பு. உத்திரங்கள், அரங்கைத் தாங்கும் தூண்கள், குவிமாடம் எல்லாமே இரும்புச் சட்டம். கார்னியேவுக்கு இரும்பைப் பயன்படுத்தத் தயக்கமில்லை, வெளியே காட்டத்தான் பிடிக்காது. 1887-இல் ஐஃபல் கோபுரத்தை எதிர்த்துக் கலைஞர்கள் வெளியிட்ட கண்டனக் கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். அதே காலத்தில் நீஸ் வானாய்வகத்தில் கட்டடம் அவருடையது, அதன் மேல் சுழலும் குவிமாடம் ஐஃபலுடையது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஓபரா மாளிகையின் வடிவம் உள்ளே இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறது: முன்னால் தட்டையான பகுதி கூடம், அடுத்த பச்சைக் குவிமாடம் அரங்கு, அதற்குப் பின்னால் எல்லாவற்றையும்விட உயர்ந்து, உச்சியில் யாழேந்திய அப்போலோவோடு நிற்பது மேடைக் கோபுரம்.

ஓபரா அவென்யூவில் மரங்கள் ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். முகப்பு மறையக் கூடாது என்று கார்னியே மரம் வேண்டாம் என்றார். சுற்றியுள்ள கட்டடங்களை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டதாக, அந்நாளில் பாரிஸ் தெருக்களைத் திருத்தி அமைத்த அதிகாரி ஓஸ்மான் மேல் அவருக்கு வருத்தமும் இருந்தது.

பின்னால் வந்த மாற்றங்களில் பெரியது அரங்கின் கூரை. அதில் முதலில் இருந்தது லெனெப்வோ வரைந்த ஓவியம். கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கேட்டுக்கொண்டதன் பேரில் 77 வயது மார்க் ஷகால் புதிதாக ஒன்றை வரைந்தார். 1964 செப்டம்பரில் திறந்தார்கள். மோட்சார்ட், வாக்னர், ஸ்திராவின்ஸ்கி என்று பதினான்கு இசையமைப்பாளர்களின் படைப்புகள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மிதக்கின்றன. வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை. பழைய மாளிகையில் இது என்ன கிறுக்கல் என்று பெரிய சண்டை நடந்தது. பழைய ஓவியத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே தனிச் சட்டத்தில் ஷகாலுடையதைப் பொருத்தியிருக்கிறார்கள். எனக்கு ஷகால் இருப்பதில் சம்மதம். கல்லில் வண்ணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒருவரின் கட்டடத்தில் வண்ணத்துக்காக வாழ்ந்த ஓவியர் வந்து சேர்ந்தது பொருத்தமாகவே படுகிறது.

1989 ஜூலை 13 அன்று பஸ்தீய் ஓபராவைத் திறந்தார்கள். கார்லோஸ் ஓட் வடிவமைத்தது, சுமார் 2,700 இருக்கைகள், எந்த இருக்கையிலிருந்தும் மேடை முழுசாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை. பெரிய ஓபராக்கள் அங்கே போய்விட்டன. கார்னியேவில் இப்போது பாலே அதிகம், கூடவே சில ஓபராக்கள். பாட்டை நன்றாகப் பார்க்கவும் கேட்கவும் பஸ்தீய்தான் வசதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பஸ்தீயில் இடைவேளை விட்டால் எங்கே போய் நிற்பது என்று தெரியாது. கார்னியேவில் இடைவேளைக்காகவே காத்திருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: மாடிப்படிக்குச் செலவிட்டது வீண் இல்லை, அது இல்லாவிட்டால் மிஞ்சுவது பார்வை சரியாகத் தெரியாத ஒரு சுமாரான அரங்கு.

போகிற எண்ணம் இருந்தால் சில குறிப்புகள். பகலில் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். ஒத்திகை இருந்தால் அரங்குக்குள் விட மாட்டார்கள், கூரையைப் பார்க்க முடியாமல் திரும்ப வேண்டியிருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி பொதுப் பார்வைக்கு இல்லை. முதலில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது: மாளிகையை நெட்டுவாக்கில் வெட்டிக் காட்டும் பெரிய மாதிரி அங்கே இருக்கிறது, கண்ணாடித் தரைக்கு அடியில் அந்த வட்டாரம் முழுவதும் சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் மாடிப்படிக்கும் அரங்குக்கும் மேடைக்கும் உள்ள விகிதம் உடனே புரிந்துவிடும். மாளிகையின் மேற்குப் பக்கம் கார்னியேவின் நினைவுச் சின்னத்தையும் தேடிப் பாருங்கள். கார்ப்போ செய்த அவருடைய தலைச்சிலைக்குக் கீழே கட்டடத்தின் பிளானையே பொன்னில் பதித்திருக்கிறார்கள். 2027 நடுவிலிருந்து சுமார் இரண்டு வருஷம் மேடைப் பகுதியைப் புதுப்பிக்க அரங்கை மூடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், ஆகவே நிகழ்ச்சி பார்க்க வேண்டுமென்றால் தேதியைச் சரிபார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.